கூந்தல் நுனியில் ஒரு ரப்பர் முடிச்சு

போர்ட் பிளேரை ஒட்டிய கராச்சர்மாவில் புதிதாகத் திறந்திருக்கும் பார்லரில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள், போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வரும்போது என்னை வழிமறித்தார்கள்.

"ஆன்ட்டி, புரோட்டீன் போட்டா செத்த முடிக்கு உயிர் வருமா? கஸ்டமர் கேக்குறாங்க, என்ன சொல்றதுன்னு தெரியல" என்றாள் ஒருத்தி.

"வரும்னு சொல்லுடி. இல்லன்னா பக்கத்துக் கடைக்குப் போயிருவாங்க" என்று மற்றவள் அவளை முழங்கையால் இடித்தாள்.

மூவரும் சிரித்தோம். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்கள். தெருவில் நின்று சொல்லி முடிக்கிற பதில் அல்ல அது. வீட்டுக்கு வந்து என் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விரலிடுக்குகளில் தோல் வெடித்து, ஆறி, மறுபடி வெடித்த கைகள். ஷாம்பூவும் சாயமும் கொடுத்த பரிசு. "இனிமேல் ஈரத்தில் கை வைக்காதீர்கள்" என்று தோல் டாக்டர் சொன்ன அன்றோடு என் தொழில் நின்றது. ஐம்பது வயதில் ஓய்வு. கை ஓய்ந்துவிட்டது, விரல்கள்தான் கேட்க மாட்டேன் என்கின்றன. பஸ்ஸில் முன் இருக்கைப் பெண்ணின் பின்னல் கம்பிக்கு இந்தப் பக்கம் தொங்கினால் அவை தாமாக எழுந்துபோய் அதன் நுனியைத் தேடுகின்றன. பையன் பார்த்தால் திட்டுவான். "எம்மா, கைய மடக்கி வைங்க."

அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் சுற்றி வருவேன்.

அப்பா சாத்தம் தீவு மரமில்லில் வேலை பார்த்தார். தூத்துக்குடிப் பக்கம் வலை இழுத்த குடும்பம். அவருக்கு மட்டும் படகில் ஏறினால் குடல் புரளும். அதனால் கடல் தாண்டி வந்து மரம் அறுத்தார். சாயங்காலம் அவர் தலைமுடியில் படாக் மரத்தூள் சிவப்பாக அப்பியிருக்கும். அதைக் கழுவிவிடுவது என் வேலை. நான் கழுவிய முதல் தலை அது. பிறகு சென்னையில் சித்தி வீட்டில் தங்கி ஆறு மாத வகுப்பு, திரும்பக் கப்பல், கல்யாணம், பையன், வீட்டு வாசலில் புருவம் திருத்தல். முன்கதை இவ்வளவுதான். தொழில் என்று நான் மதித்து எழுதக்கூடியது ஷிப்ராவின் கடையில் தொடங்கியது.

ஷிப்ரா வங்காளிப் பெண். என்னைவிட வயதில் சின்னவள், ஆனால் முதலாளி. வாடிக்கையாளர் இருக்கும்போது நான் அவளை "மேடம்" என்பேன். யாரும் இல்லாதபோது "ஷிப்ரா". அவளுக்கு நான் எப்போதும் "ரோசி-தி", ரோசி அக்கா. கடையில் எங்களுக்குள் ஓடியது இந்தத் தீவின் ஹிந்தி. எந்த இலக்கணப் புத்தகமும் ஒப்புக்கொள்ளாத ஹிந்தி. தமிழ்ப் பெண்கள் வந்தால் அவளுக்குத் தமிழும் வரும், செருப்பு மாற்றிப் போட்டுக்கொண்டு நடப்பதுபோல.

அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. உள்ளே வருகிறவளிடம் என்ன வேண்டும் என்று கேட்க மாட்டாள். உட்கார வைப்பாள், பின்னலை அவிழ்ப்பாள், ஒரு பிடி முடியை மூக்கருகே கொண்டுபோய் முகர்வாள். எந்தத் தண்ணீரில் குளிக்கிறார்கள், எந்த எண்ணெய், புகை அடுப்பா கேஸா, எல்லாம் அந்த ஒரு மூச்சில் அவளுக்குத் தெரிந்துவிடும். பிறகு ஒற்றை முடியை எடுத்து நனைத்து, இரண்டு கைவிரல்களுக்கு நடுவே மெதுவாக இழுப்பாள். நல்ல முடி கொஞ்சம் நீண்டு, விட்டதும் திரும்பி வரும். பாகு போல நீண்டுகொண்டே போய்த் திரும்பாமல் கிடந்தால், அதற்குப் புரோட்டீன் வேண்டும். நீளாமலே பட்டென்று அறுந்தால், புரோட்டீன் ஏற்கெனவே கூடிவிட்டது, அதற்கு ஈரப்பதம் வேண்டும். இவ்வளவுதான் சாஸ்திரம். ஆனால் எவ்வளவு இழுக்கலாம் என்பது விரலுக்குத்தான் தெரியும். வாய் அதை யாருக்கும் சொல்லித்தர முடியாது.

இன்னொன்று. எந்த முடியையும் அவள் கெட்டுப்போனது என்று சொன்னதில்லை. "தக் கயா" என்பாள். களைத்துவிட்டது. எவ்வளவு பொரிந்து, வெளுத்து, பிளந்து வந்தாலும் சரி. "இது தக் கயா, அக்கா. உட்காரு. தண்ணி குடி." முடிக்குச் சொல்கிறாளா ஆளுக்குச் சொல்கிறாளா என்று பிரித்தறிய முடியாது.

சுனாமி அலை வந்து போய் மூன்று நான்கு வருடம் ஆகியிருந்தது. ஊரில் யார் தலையும் தேறவில்லை. குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள். சில வாரம் அதுவும் இல்லை. நிவாரணத் தகரக் கொட்டகைகளில் இருந்தவர்களுக்குக் கிணறும் போர்வெல்லும்தான். இரும்பு கலந்த தண்ணீர், வாளியில் காவிக்கோடு விழும். அதனால் பெண்களிடம் ஒரு பழக்கம் ஊறியிருந்தது. கிடைக்கிற தண்ணீரில் முழுத் தலையையும் அலசிவிட்டு, கடைசிச் சொம்பு மட்டும் நல்ல தண்ணீர் ஊற்றிக்கொள்வது. எங்கள் கடையிலும் அதே முறைதான், கொஞ்சம் பெரிய அளவில். கூரைத் தகரத்திலிருந்து நீல டிரம்முகளில் மழைத் தண்ணீர் பிடிப்போம். பருவத்தின் முதல் மழையைப் பிடிக்க மாட்டோம். அது கூரையின் உப்பையும் தூசியையும் கழுவிக்கொண்டு வரும். அடுத்து வருகிற மழைதான் டிரம்முக்கு. மூடி போட்டு, மேலே கல் வைத்து, கடைசி அலசலுக்கு மட்டும் எடுப்போம். மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரும் புரோட்டீன் டப்பாவில் 'நன்கு அலசவும்' என்று அச்சடித்திருக்கும். எந்தத் தண்ணீரில் என்று அச்சடித்தவனுக்குத் தோன்றியிருக்காது.

முறையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் எண்ணெய் போகக் கழுவ வேண்டும். நம் பெண்கள் வெளியே கிளம்பினாலே தலை நிறையத் தேங்காயெண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு வருவார்கள். அதன்மேல் எதைப் போட்டாலும் வழுக்கிப் போய்விடும். பிறகு துண்டால் ஒற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது. முடியைப் பிரிபிரியாகப் பிரித்து, தோலில் படாமல் நடுவிலிருந்து நுனிவரை பூச வேண்டும். பிளாஸ்டிக் தொப்பி. காத்திருத்தல். கனமான மருந்து என்றால் காற்றாடியில் காயவிட வேண்டும். காய்ந்ததும் முடி ஓலைபோல விறைத்து நிற்கும். அந்த நேரத்தில் சீப்பு வைத்தவள் ஷிப்ராவின் கடையில் மறுநாள் வேலைக்கு வர முடியாது. விறைப்பு இளகும்வரை தண்ணீரை மெதுவாக விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கடைசியில் மழைத் தண்ணீர்.

இதெல்லாம் செய்யும்போது வந்தவள் கேட்பாள், இது என்ன என்று. எல்லாக் கடையிலும் எல்லாரும் ஒரே பதில்தான் வைத்திருந்தோம்: "முடிக்குச் சாப்பாடு."

லெட்சுமி அக்கா வந்தது ஒரு மழை நாளில். டிரம்முகளில் தண்ணீர் விழும் சத்தம். தலையில் துணி சுற்றியிருந்தாள். நாற்பது வயதிருக்கும். தெற்கே உள்ள கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவள்; இலங்கைத் தேயிலை மலைகளிலிருந்து வந்து அங்கே குடியேறிய குடும்பம். இப்போது போர்ட் பிளேரில் கேம்ப் கொட்டகையில் இருந்தாள்.

"நாலு கடைக்குப் போனேங்க. எல்லாரும் வெட்டத்தான் சொல்றாங்க. நீங்களும் வெட்டணும்னா இப்பவே சொல்லிருங்க, மழை வலுக்குறதுக்கு முன்னாடி போயிர்றேன்" என்றாள் வாசலிலேயே நின்று.

"மழை வலுத்தாச்சு அக்கா. இனி எங்க போவ? உட்காரு" என்றாள் ஷிப்ரா.

துணியை அவிழ்த்தோம். தலைமுடி பெரும்பாலும் இடுப்போடு ஒடிந்திருந்தது. அதற்கும் கீழே, சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத ஒரு கற்றை மட்டும் தொடைவரை இறங்கியது. வெளுத்து, தேங்காய் நார் போல. அதன் நுனியில் கறுப்பாக ஒரு கட்டி, புளியங்கொட்டை அளவில், முடியோடு முடியாக இறுகி ஒட்டியிருந்தது.

ஷிப்ரா முகர்ந்தாள். முகத்தைச் சுளித்தாள். "ரப்பர்?"

"அத மட்டும் தொடாதீங்க."

ஷிப்ரா கையை எடுத்துவிட்டாள். லெட்சுமி அக்கா கண்ணாடியில் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கட்டியைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு சொன்னாள்.

"எம்மவ கட்டுனது. வளர்மதி. பதினோரு வயசு. ரப்பரு மரப் பட்டைல காஞ்சு ஒட்டியிருக்கும் பாருங்க, பால்... அத நூலு மாதிரி உரிச்சு வச்சிருப்பா. ரிப்பன் வாங்கிக் குடுத்தாலும் தன் சடைக்கு வச்சுக்குவா, எனக்கு இந்த ரப்பரு நூலுதான். அன்னிக்குக் காலைலயும் சடை போட்டு அவதான் கட்டிவிட்டா. பெறவு தண்ணி வந்துருச்சுங்க."

மழை பெய்துகொண்டிருந்தது.

"காட்டு மேல ஏறி உக்காந்திருந்தோம். சடை அவுந்து சிக்காயிருச்சு. கேம்புக்கு வந்தப்ப பேனுன்னு எல்லார் தலையும் வெட்டுனாங்க. நான் குடுக்கல. மத்த எடமெல்லாம் ஒடிஞ்சு ஒடிஞ்சு போயி, இப்ப இவ்வளவுதாங்க இதப் புடிச்சிட்டிருக்கு."

தொழில்காரிக்கு வருகிற முதல் யோசனையைத்தான் ஷிப்ராவும் சொன்னாள். கற்றையோடு வெட்டி, ஒரு சின்ன டப்பாவில் வைத்துக்கொள்ளலாமே அக்கா, பத்திரமாக இருக்குமே.

"பொட்டில வச்ச எல்லாத்தையும் தண்ணி கொண்டுபோயிருச்சு. சட்ட, ஸ்கூல் போட்டோ, எல்லாம். தலைல இருந்தது மட்டுந்தான் எங்கூட வந்துச்சு."

ஷிப்ராவுக்கு அந்தத் தமிழ் முழுவதும் புரிந்ததா தெரியாது. என்னைப் பார்த்தாள். நான் ஹிந்தியில் சொன்னேன். அவள் எழுந்து டிரம்மின் மேலிருந்த கல்லை நகர்த்தினாள். பருவம் முழுக்கச் சேர்த்து வைக்கும் தண்ணீர் அது. முதல் அலசலுக்கே அதை எடுத்தது அன்றுதான்.

அந்தக் கற்றைக்கென்று தனி முறை வகுத்தோம். எண்ணெய் கிட்டே வரக்கூடாது. ரப்பர் பால் எண்ணெயில் இளகிவிடும். கட்டியை ஒரு துண்டு பிளாஸ்டிக்கில் பொதிந்து என் உள்ளங்கையில் வைத்துக்கொள்வேன், அதன் எடைகூட முடியை இழுக்காதபடி. ஷிப்ரா மருந்தைத் தண்ணீரில் பாதியாகக் கரைத்து விரல் நுனியால் தொட்டுத் தொட்டுப் பூசுவாள். சீப்பு கிடையாது. சிக்கை ஊசியால் நெம்பி, விரலால் பிரிப்போம். முதல் முறை நனைத்து இழுத்தபோது பாகாக நீண்ட முடி, மூன்றாவது முறை வந்தபோது கொஞ்சம் திரும்பிப் பார்த்தது. அப்படித்தான் சொல்லத் தோன்றுகிறது. யாரோ பின்னால் கூப்பிட்டதுபோல, கொஞ்சம்.

"பாத்தியா ரோசி-தி!" என்று ஷிப்ரா என் தோளில் அடித்தாள். லெட்சுமி அக்கா என்ன என்று கேட்டாள். "சாப்பாடு உடம்புல ஒட்டுதுக்கா" என்றேன்.

அடுத்த முறை அவள் வருவதற்கு நாள் கொஞ்சம் தள்ளிப்போனது. வந்தாள். தலைத்துணியை அவிழ்த்ததும் ஒரு வாடை. முடியெல்லாம் கம்பி. புதிதாக வளர்ந்து செழிப்பாக இருந்த மேல்முடிகூட விறைத்துக் கிடந்தது. இடையிடையே வெள்ளையாக என்னவோ. ஷிப்ரா ஒன்றை நகத்தால் எடுத்துப் பார்த்தாள்.

"அக்கா! தலைல ஆம்லெட் போட்டியா?"

முட்டை. தினமும் முட்டை. கொட்டகையில் பக்கத்துக் குடும்பத்தின் கோழி முட்டைகளைக் கேட்டு வாங்கி, தலை முழுக்கப் பூசி, சளி பிடிக்கக் கூடாதே என்று வெந்நீரில் அலசியிருக்கிறாள். அது தலையிலேயே வெந்துவிட்டது. போதாதென்று புளிக்கவைத்த கஞ்சித் தண்ணீர்.

ஷிப்ராவுக்கு ஒருபக்கம் சிரிப்பு, ஒருபக்கம் கோபம். "நாங்க இவ்வளவு கஷ்டப்பட்டு... யாரு சொன்னா இதச் செய்யச் சொல்லி?"

"சாப்பாடுன்னீங்களே. உங்ககிட்ட வர்ற அன்னிக்கு மட்டும் சாப்புட்டா போதுமாங்க? மத்த நாளெல்லாம் பட்டினியால்ல கெடக்கும். அது பசியோட இருக்கக்கூடாதுன்னு நெனச்சேன்."

ஷிப்ரா பக்கெட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். பக்கெட் நிரம்பி வழியும் சத்தம் கேட்டது, அவள் வரவில்லை. நான் அக்காவின் தலையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, முடியில் வெந்த முட்டையைத் துணுக்குத் துணுக்காகப் பொறுக்கினேன். அவள் கண்ணை மூடியிருந்தாள். கற்றையில் பாதி முடி என் விரலோடு வந்துவிட்டது. அவளுக்குத் தெரிந்தது. அந்தக் கட்டி இப்போது ஒரு தையல் நூலின் பலத்தில் தொங்கியது.

அன்றிலிருந்து எங்கள் கடையில் யாரும் புரோட்டீனைச் சாப்பாடு என்று சொன்னதில்லை. கூரைத் தகரத்தின் ஓட்டைக்குத் தார் வைக்கிறோமே, அதுபோல என்று சொல்வோம். ஓட்டைக்கு மட்டும் வைக்க வேண்டும். கூரை முழுக்கப் பூசினால் பாரம் தாங்காது.

பிறகு மருந்தை நிறுத்திவிட்டோம். வெறும் மழைத் தண்ணீரும் கண்டிஷனரும். விறைப்பு இளக வேண்டும். மேல்முடி சீக்கிரம் இளகியது, அது இளசு. கற்றை இளகவில்லை. அக்கா வாராவாரம் வந்தாள். பேன் பார்க்கும் கதை, கொட்டகையில் தண்ணீர்ச் சண்டை, கோழிக்காரி இன்னும் முட்டைக்கு முகத்தைத் தூக்கி வைத்திருப்பது, எல்லாம் சொல்லுவாள். ஷிப்ரா சிரித்துச் சிரித்து சாயத்தை மேசையில் கொட்டுவாள்.

ஒருநாள் அக்கா வந்ததும் சொன்னாள். "வீடு குடுத்துட்டாங்க. கச்சால்ல. நாளான்னிக்குக் கப்பலு."

நாங்கள் சந்தோஷப்பட்டோம். அவள் படவில்லை.

"வெளிய வந்தப்ப சடையோட வந்தேன். சடையோடதான் போகணும். ஆனா கப்பல்ல ரெண்டு நாளு. காத்து, கூட்டம், தள்ளுமுள்ளு. எங்கயாவது மாட்டி அறுந்து கடல்ல விழுந்துருச்சுன்னா?" கணக்குக் கேட்பதுபோலத்தான் கேட்டாள். "தண்ணிக்கு அதயும் குடுக்க முடியாதுங்க. மருந்து எதுனா போட்டு கெட்டியாக்கிருங்களேன். கடைசியா ஒரு தடவ."

ஷிப்ரா கற்றையிலிருந்து ஒரு முடியை நனைத்தாள். இழுத்தாள். பட்டென்று போனது. என்னிடம் ஹிந்தியில் மெதுவாகச் சொன்னாள், இனி இது எதையும் தாங்காது, மருந்து போட்டால் மேசையிலேயே விழுந்துவிடும்.

நான் அந்தக் கற்றையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். தொடைவரை தொங்கவிட்டால்தானே பாரம், காற்று, ஆள் உரசல் எல்லாம். ஏன் தொங்க வேண்டும்? என் விரல்கள் எனக்கு முன்பே தொடங்கிவிட்டன.

"ஷிப்ரா, இதப் பிடி" என்றேன். முதலாளி, உள்ளங்கையை நீட்டிக் கட்டியை வாங்கிக்கொண்டாள்.

மேல்முடியை மூன்று பிரியாகப் பிரித்தேன். அலைக்குப் பிறகு வளர்ந்தது, மழைத் தண்ணீரில் இளகியது, இழுத்தால் திரும்பி வருவது. பின்னத் தொடங்கினேன். பிடரிக்குக் கீழே கொஞ்சம் வந்ததும், கற்றையைக் கீழிருந்து மடித்து மேலே கொண்டுவந்து, கட்டி நடுமுதுகுக்கு நேராக இருக்கும்படி வைத்தேன். அதன்மேல் புதுமுடியின் மூன்று பிரிகளையும் மாற்றி மாற்றிப் போட்டு மூடினேன். இழுக்காமல், இறுக்காமல். அலை பார்த்த முடி உள்ளே, பாராத முடி வெளியே. இடுப்புவரை பின்னி முடித்து நூலால் கட்டினேன். வெளியே பார்த்தால் சாதாரணப் பின்னல். நடுவில் மட்டும் லேசாகப் புடைத்திருக்கும்.

லெட்சுமி அக்கா கையைப் பின்னால் வளைத்துத் தடவிப் பார்த்தாள். விரல்கள் புடைப்பில் வந்து நின்றன. தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினாள். முதலில் மெதுவாக, அப்புறம் நன்றாகவே. எதுவும் இழுக்கவில்லை.

"புள்ளய நடக்க விடாம இடுப்புல தூக்கி வச்ச மாதிரி இருக்குங்க" என்றாள்.

ஷிப்ரா இன்னமும் உள்ளங்கையை நீட்டியபடியே நின்றுகொண்டிருந்தாள்.

அவிழ்க்காமல் எப்படிக் கழுவுவது, மறுபடி எப்படிப் பின்னுவது, இரண்டையும் சொல்லிக்கொடுத்து அனுப்பினேன். இன்னொன்றையும் சொல்லவேண்டியிருந்தது, சொன்னேன். ஒவ்வொரு முடிக்கும் ஒரு காலம் உண்டு அக்கா, எவ்வளவு பார்த்தாலும் அது முடிந்ததும் தானாக வேரோடு விழும், இதுவும் ஒருநாள். அவள் தலையாட்டினாள். "பால் மரமும் அப்படித்தாங்க" என்றாள். கப்பல் போனது.

சில வருடம் கழித்து, என் கைகள் வெடிக்கத் தொடங்கிய காலத்தில், கண் ஆஸ்பத்திரிக்கு என்று போர்ட் பிளேர் வந்தவள் கடையைத் தேடி வந்தாள். தலைத்துணி இல்லை. நரை கலந்த கனமான பின்னல். என் கண் நேராக நடுமுதுகுக்குப் போனது. புடைப்பு இல்லை.

அவளே சொன்னாள். "வெறகு பொறுக்கப் போனேங்க, பழைய ரப்பர் காட்டுக்கு. வீட்டுக்கு வந்து தொட்டுப் பாத்தா இல்ல."

"தேடலியாக்கா?"

"கெளம்புனேன். பாதி வழில நின்னுட்டேன். அவ நூலு உரிச்ச மரமெல்லாம் அங்கதான நிக்குது. அதுக்கு அந்த எடம் தெரியுங்க. தண்ணில போகல, அது போதும்."

ஷிப்ரா டீ வாங்க எழுந்து போனாள். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து பின்னலைத் தானே அவிழ்த்து, தலையை என் பக்கம் சாய்த்தாள். கண்ணாடியில் சிரித்தாள்.

"சத்தியமா முட்ட வைக்கலங்க. நீங்களே இழுத்துப் பாருங்க."

ஒரு முடியை நனைத்தேன். இரண்டு விரல்களுக்கு நடுவே இழுத்தேன். கொஞ்சம் நீண்டது. விட்டேன். திரும்பிப் போனது.